முப்பத்தாறு பேருக்கு நூறு மீட்டர் மேடு

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில், ஏவ்பரிக்குத் தெற்கே வயல்களுக்கு நடுவில் நீண்டு கிடக்கிறது வெஸ்ட் கெனட் நெடுமேடு. புதிய கற்கால உழவர்கள் கி.மு. 3650 வாக்கில் எழுப்பிய கல்லறை. இறந்தவர்களை அடக்கம் செய்ததைக் காட்டிலும், 'இந்த மண் எங்களுடையது' என்று ஊருக்குச் சொன்னதே அதன் பெரிய வேலையாக இருந்திருக்க வேண்டும். மேட்டின் நீளம் சுமார் 100 மீட்டர். எலும்புகள் கிடைத்த ஐந்து அறைகளோ கிழக்கு முனையில் ஏறத்தாழ 12 மீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. மிச்சமெல்லாம் பெருங்கற்களும், அவற்றின் மேல் இருபுறமும் பள்ளம் தோண்டிக் குவித்த சுண்ணக்கல்லும்தான். பிணம் புதைக்க அவ்வளவு மண் எதற்கு? மேட்டைப் பிற்காலத்தில் நீட்டியிருக்கலாம் என்பார்கள். இருக்கட்டுமே, புதைக்க இடம் தேடி நீட்டவில்லை என்பது அப்போதும் தெளிவு.

1859இல் ஜான் தர்னமும், 1955-56இல் ஸ்டூவர்ட் பிகாட்டும் ரிச்சர்ட் அட்கின்சனும் இங்கே அகழ்ந்தார்கள். ஆண், பெண், குழந்தை என்று குறைந்தது 36 பேரின் எலும்புகள் கிடைத்தன. கழுத்தருகே அம்புமுனையோடு கிடந்த முதியவர் அவர்களில் ஒருவர். 2007இல் வெளியான கதிரியக்கக் கரிமக் கணிப்பின்படி, இவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே தலைமுறைக் காலத்துக்குள் அடக்கமானவர்கள். புதைப்பது நின்ற பிறகும் மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆயிரம் ஆண்டு அளவுக்கு மண்ணும் பானை ஓடும் அறைகளுக்குள் சேர்ந்தன. கடைசியில்தான் பெருங்கற்களை நிறுத்தி வாசலை அடைத்தார்கள். வெறும் இடுகாடு இத்தனை காலம் நினைவில் நிற்காது.

மண்டையோடுகளும் நீண்ட எலும்புகளும் கணக்குக்குக் குறைகின்றன. முன்னோர் எலும்பை வெளியே எடுத்துச் சடங்குக்குப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டினால், திருட்டாக இருக்கலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 17ஆம் நூற்றாண்டில் மார்ல்பரோ மருத்துவர் ஒருவர் மருந்துக்கென்று இந்த வட்டாரத்தில் எலும்பு தோண்டியது உண்மைதான். ஆனால் 1955இல் திறந்த பக்க அறைகள் கூரை வரை பழைய மண்ணால் மூடிக் கிடந்தன. அங்கும் எலும்புகள் குறைவு. ஆகவே எடுத்தவர்கள் கற்கால மக்களே.

உள்ளே நிற்கும் கற்களில் ஒன்று கோடரி தீட்டித் தீட்டி வழவழப்பாகியிருக்கிறது. காடு வெட்டி நிலமாக்கியவர்களின் தீட்டுக்கல்லே அங்கே சுவராகியிருக்கிறது. அனுமதி இலவசம், போனால் அந்தக் கல்லைத் தேடிப் பாருங்கள். மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றாதீர்கள். கரியும் சூடும் கல்லைக் கெடுக்கின்றன.