சித்ரா வால்வும் இதயப் பொறியியலின் அடுத்த கட்டமும்

செயற்கை இதய வால்வின் எதிர்காலம் என்றாலே இன்று நெஞ்சைத் திறக்காமல் கதீட்டர் வழியே பொருத்தும் வால்வுகளைத்தான் பேசுகிறோம். அவை எந்த நோயாளிக்காக உருவானவை என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். திருவனந்தபுரத்தில் பிறந்த சித்ரா வால்வின் வரலாறு அப்படிக் கேட்கக் கற்றுத்தருகிறது.

1960இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டாரும் பொறியாளர் லோவல் எட்வர்ட்சும் கூண்டுக்குள் பந்து அசையும் வால்வைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தனர். அந்தப் பத்தாண்டின் இறுதியில் சாய்ந்து திறக்கும் வட்டு வால்வும், 1977இல் கார்பனாலான ஈரிதழ் வால்வும் வந்தன. இந்தியாவில் இவற்றுக்குத் தேவை மிகுதி. தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல், சிறுவயதிலேயே பலருடைய இதய வால்வுகளைச் சிதைத்துவந்தது. இறக்குமதி வால்வின் விலையோ அக்குடும்பங்களுக்கு எட்டாதது.

1970களின் பிற்பகுதியில் திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தானும், ஜி. எஸ். புவனேஷ்வர் உள்ளிட்ட பொறியாளர்களும் சாய்வட்டு வால்வு ஒன்றை வடிவமைக்க முனைந்தனர். முதல் மாதிரியில் வட்டைத் தாங்கும் கம்பி, பற்றவைத்த இடத்தில் முறிந்தது. அடுத்ததில் பற்றவைப்பைத் தவிர்த்து, டைட்டானியக் கூட்டில் செயற்கை நீலக்கல் வட்டைப் பொருத்தினர். கடினமான கல் உலோகத்தைத் தேய்த்தது. கோபால்ட் சார்ந்த ஹெய்ன்ஸ்-25 கலவையில் கூட்டைச் செய்ததும் தேய்மானச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் ஆய்வகத்தில் தேறிய அந்த மூன்றாம் மாதிரியின் வட்டு, ஆட்டின் இதயத்தில் உடைந்தது. இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது இத்தோல்விதான். கருவியில் பெற்ற வெற்றியை அவர்கள் போதுமென்று கொண்டிருந்தால், அந்த வட்டு ஒரு மனிதருக்குள் உடைந்திருக்கும்.

நான்காவதில் வட்டு, செயற்கை இடுப்பு மூட்டுகளில் ஏற்கெனவே பயன்பட்ட மீயுயர் மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீனாக மாறியது. இதயம் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி முறை துடிக்கிறது. பல ஆண்டுத் துடிப்புகளைச் சில மாதங்களில் நிகழ்த்தும் கருவிகளிலும் விலங்குச் சோதனையிலும் இது தாங்கியது. 1990 டிசம்பர் 6இல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.டி.கே. குழுமம் உற்பத்தியை ஏற்றது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இவ்வால்வு சென்று சேர்ந்திருக்கிறது.

2002இல் பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிரிபியே கதீட்டர் வழியே முதல் பெருந்தமனி வால்வைப் பொருத்தினார். அறுவையைத் தாங்க இயலாத முதியோருக்கு அது பெரும் வரம். ஆனால் முதுமையில் வால்வில் படியும் சுண்ணாம்புதான் அவ்வகைக் கருவிக்குப் பிடிப்புத் தருகிறது. ருமாட்டிக் நோய் முதன்மையாகத் தாக்குவதோ இடப்பக்க ஈரிதழ் வால்வை. இளம் நோயாளியிடம் அந்தச் சுண்ணாம்புப் படிவும் பெரும்பாலும் போதிய அளவில் இருப்பதில்லை. விலங்குத் திசு வால்வு இளம் உடலில் விரைவில் கெட்டுவிடும். உலோக வால்வென்றால் வாழ்நாள் முழுக்க ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் மாத்திரையும், உறைதிறனை அறியும் தொடர் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். கருவுற்ற பெண்ணுக்கு அம்மருந்து சிசுவையும் பாதிக்கக்கூடியது.

ஆகவே வரவிருக்கும் முன்னேற்றங்களில் இரண்டை முதன்மையாகக் கருதுகிறேன். ஒன்று, ரத்தத்தை உறையவிடாமல் நெடுநாள் உழைக்க வல்ல பாலிமர் இதழ்கள். மற்றொன்று, உடலில் மெல்லக் கரையும் சட்டகத்தின்மேல் நோயாளியின் சொந்தச் செல்களே படர்ந்து உருவாக்கும் உயிர்வால்வு. குழந்தையோடு சேர்ந்து வளரக்கூடும் என்பதால் இரண்டாவதன் மீது நம்பிக்கை அதிகம். ஆனால் விலங்குச் சோதனைகளில் இத்தகைய உயிர்வால்வுகளின் இதழ்கள் காலப்போக்கில் சுருங்கி, ரத்தம் பின்னோக்கிக் கசிந்ததும் உண்டு. உலோகத்தின் தேய்மானத்தைக் கருவியில் விரைவுபடுத்தலாம். திசுவின் வளர்ச்சியை அப்படி விரைவுபடுத்த வழியில்லை. இவ்வால்வுகளுக்கு ஆண்டுக்கணக்கில் விலங்குகளிலும், பிறகு ருமாட்டிக் நோயுற்ற இளையோரிடமும் நீண்ட கண்காணிப்பு தேவைப்படும். அந்தக் காலத்துக்கான நிதியை ஆராய்ச்சியின் தொடக்கத்திலேயே ஒதுக்க வேண்டும்.