பத்து நிமிஷம்: புளியந்தோப்பின் மனநலம் பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

மனசை நல்லபடியாக வைத்துக்கொள்ள என்ன செய்ய வேண்டும் என்பது இன்றைக்கு எல்லோருக்கும் மனப்பாடம். விடிகாலையில் நட. எட்டு மணி நேரம் தூங்கு. மூச்சைக் கவனி. சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைத்துக்கொள். நாளிதழ் இணைப்புகளில் வாரம் தவறாமல் வருகிற இந்த அறிவுரைகளில் பிழை ஒன்றும் இல்லை. எனக்கு உறுத்துவது அவற்றின் இலக்கணம்தான். எல்லாமே முன்னிலை ஒருமை ஏவல். இப்படி ஏவப்படுகிற 'நீ' யார்? நடக்க ஒரு தெருவும், தூங்க ஓர் அறையும், நாற்றமில்லாத காற்றும் அவனுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டன என்று இந்தச் சொல்லாடல் தானாகவே எடுத்துக்கொள்கிறது. புளியந்தோப்பில் உட்கார்ந்துகொண்டு வாசித்தால் இதே வரிகள் வேறொரு பிரதியாகிவிடுகின்றன. ஒரு பக்கம் ஆடுதொட்டி, இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், மழைக்காலம் வந்தால் தெருவெல்லாம் சாக்கடைத் தண்ணீர். நடக்கச் சொல்கிறீர்கள், சரி. எங்கே?

வடசென்னைத் தெருப்பேச்சில் 'மனநலம்' என்ற சொல்லுக்கு வேலையில்லை. அங்கே புழங்குபவை 'பேஜாரு', 'குஜாலு'. இரண்டும் பாரசீகத்திலிருந்து உருது வழியாக மெட்ராசுக்கு வந்தவை. பேஜார் என்றால் சலிப்பு, வெறுப்பு. குஷ்ஹால் என்றால் நல்ல நிலைமை. 'ஒரே பேஜாரா கீதுப்பா' என்று ஒருவர் சொன்னால் அவர் தன் மனசைச் சொல்கிறாரா, தண்ணி லாரி வராததைச் சொல்கிறாரா, ராத்திரி வந்துபோன போலீசைச் சொல்கிறாரா என்று பிரித்தெடுக்க முடியாது. உள், வெளி என்ற பிரிவினை அந்தச் சொல்லில் விழவே இல்லை. இதை மொழியின் போதாமை என்று நினைப்பவர்கள் தொல்காப்பியத்தைப் புரட்டிப் பார்க்கலாம். அகத்திணைக்கே நிலமும் பொழுதும்தான் முதற்பொருள். மனசு அதற்குப் பிறகுதான் வருகிறது. எம்.ஏ. பரீட்சை முடிந்ததும் நாம் மறந்துவிடுகிற சங்கதி இது.

ஆகவே புளியந்தோப்பின் மனநலத்தை அதன் நிலத்தையும் பொழுதையும் வைத்துத்தான் எழுத முடியும். அந்த இரண்டுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

புளியந்தோப்பிலிருந்து ஓட்டேரி வழியாக நடந்தே போய்விடலாம், அரசு மனநல மருத்துவமனைக்கு. 1794-இல் வாலண்டைன் கானொலி என்கிற கம்பெனி மருத்துவர் புரசைவாக்கத்தில் தொடங்கிய விடுதி அது. 1871-இல் 145 நோயாளிகளோடு கீழ்ப்பாக்கம் லோக்காக் தோட்டத்துக்கு மாறியது. அதற்குப் பிறகு 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரே மெட்ராசில் ஒரு வசைச்சொல்லாகிப் போனது. பைத்தியத்தை ஐரோப்பா எப்படி மதிலுக்குள் தள்ளியது என்று ஃபூக்கோ 1961-இல் எழுதியதை நம்முடைய சிற்றிதழ்கள் வேண்டிய அளவுக்குப் பேசிவிட்டன. நான் பார்க்க நினைப்பது மதிலுக்கு வெளியே. 1870களின் பிற்பகுதியிலும் 1880களின் தொடக்கத்திலுமாக அதே வட்டாரத்தில் இன்னொரு மதில் எழுந்தது. அதற்குள் பக்கிங்காம் மில்லும் கர்நாடிக் மில்லும் ஓடின. ஜனங்களுக்கு இரண்டும் சேர்ந்து 'பின்னி மில்'. நேரத்துக்கு அடங்காதவர்கள் ஒரு மதிலுக்குள்ளும் அடங்கியவர்கள் இன்னொரு மதிலுக்குள்ளும் இருந்தார்கள் எனலாம். இது கொஞ்சம் அலங்காரமாகச் சொல்வதுதான். ஆனால் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு, சங்கு ஊதினால் வீடு திரும்புகிற ஒரு பொழுதை இந்த வட்டாரத்தின் மேல் சுமத்தியது மில்தான். செங்கல்பட்டிலும் வட ஆர்க்காட்டிலும் பண்ணை வேலை பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இது புதுப் பொழுது.

1911-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பஞ்சாலை ஆண் தொழிலாளிக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று உச்சவரம்பு வைத்தது. வரம்பே பன்னிரண்டு! நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி. தறியை விட்டு வெளியே வந்து, கை கழுவி, நிழல் பார்த்து உட்கார்ந்து, தூக்கைத் திறந்து, தின்று, மறுபடி கதவுக்கு ஓட வேண்டும். எல்லாமே அந்த அரை மணிக்குள். தாமதமானால் வெளியே நிற்க வேண்டியதுதான்.

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படுகிற சென்னைத் தொழிலாளர் சங்கம் இங்கே 1918 ஏப்ரல் 27-இல் உருவானது. அது எங்கிருந்து முளைத்தது என்பதுதான் என் விஷயத்துக்கு முக்கியம். செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு என்ற இரண்டு உள்ளூர் வியாபாரிகள் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒரு பக்திச் சபை நடத்திவந்தார்கள். மில் தொழிலாளிகள் அங்கே சொற்பொழிவு கேட்கப் போவார்கள். கேட்டுவிட்டுத் தங்களுக்குள் குறைகளைப் பேசிக்கொள்வார்கள். அந்த ஆண்டு மார்ச் 2-இல் சபையின் ஏற்பாட்டில் நடந்த கூட்டத்தில் திரு.வி.க. பேசினார். அடுத்த மாதம் பி.பி. வாடியா வந்தார்; அவருடைய ஆங்கிலப் பேச்சைத் தமிழாக்கியதும் திரு.வி.க.தான். நம்முடைய மார்க்சிய வரலாறுகள் பக்திச் சபையைக் கொஞ்சம் கூச்சத்தோடு கடந்துபோகின்றன. கூச்சப்பட ஒன்றுமில்லை. பன்னிரண்டு மணி நேரம் இயந்திரத்தோடு நின்றவன் அரைமணி நேரம் மனுஷக் குரலைக் கேட்கப் போகிறான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கும் அதே முதுகுவலிதான் என்று அங்கேதான் அவனுக்குத் தெரியவருகிறது. தனித்தனிப் பேஜார்கள் பொதுப் பேஜாராக மாறின இடம் அது.

வாடியா முதலில் கேட்டது கூலி உயர்வை அல்ல. சாப்பாட்டு இடைவேளையை அரை மணியிலிருந்து நாற்பது நிமிஷமாக்கச் சொன்னார். நிர்வாகமும் கொடுத்தது. பத்து நிமிஷம்! இதைச் சின்ன வெற்றி என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிதானமாகச் சாப்பிடு, உணவுக்குப் பின் சற்று ஓய்வெடு என்று இன்றைக்கு இலவசமாக வழங்கப்படுகிற அறிவுரை, பெரம்பூரில் சங்கம் கட்டி வாங்கவேண்டிய பொருளாக இருந்தது. 'நல்ல பழக்கம்' என்று நாம் சொல்வதற்குள் இப்படி யாரோ பேரம் பேசி வாங்கிய நிமிஷங்கள் கிடக்கின்றன.

ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்? தொழிற்சங்க வரலாறு வாசிக்கும்போது நாம் வழக்கமாகக் கேட்காத கேள்வி. பதில் மூன்றே ஆண்டில் வந்தது.

1921 வேலைநிறுத்தத்தில் சாதி இந்துத் தொழிலாளிகள் பெருவாரியாக நின்றார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளிகளில் கணிசமானோர் வேலைக்குப் போனார்கள். கருங்காலி என்ற ஒரே சொல்லில் அதை முடித்துவிடுவது சுலபம். கூலி நின்றால் மறுநாள் அடுப்பு எரியாத நிலை, சங்கத்துக்குள்ளும் தொடர்ந்த சாதி அவமானம், எம்.சி. ராஜா போன்ற தலைவர்களின் நிலைப்பாடு என்று பல இழைகள் அதில் இருந்தன. ஜூன் மாதக் கடைசியில் புளியந்தோப்புச் சேரியில் குடிசைகள் கொளுத்தப்பட்டன. மோதல்கள் மாதக்கணக்கில் தொடர்ந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. வீடிழந்த ஆதிதிராவிடர்களை அரசாங்கம் வியாசர்பாடியில் முகாம் போட்டு வைத்தது. ஆட்சியில் இருந்த நீதிக்கட்சியின் தலைவர் தியாகராயச் செட்டியாரோ, அரசு அதிகாரிகள் ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுத்ததுதான் பிரச்சினைக்குக் காரணம் என்கிற பக்கம் நின்றார். எம்.சி. ராஜா 1923-இல் அந்தக் கட்சியை விட்டு விலகியதற்கு இந்த நெருப்பும் ஒரு காரணம்.

இந்த நிகழ்வை வர்க்கமா சாதியா என்ற விவாதத்துக்கு எடுத்துக்காட்டாக நாம் நிறையவே பயன்படுத்திவிட்டோம். வேறொரு கோணமும் இருக்கிறது. எரிந்தது கூரை மட்டும் அல்ல. தினமும் பார்க்கிற முகம், ஒன்றாக மில்லுக்கு நடந்த பாதை, கடன் சொல்லிச் சாமான் வாங்கின கடை, இவையெல்லாம் ஒரே ராத்திரியில் பயமாக மாறுவதுதான் ஒரு மனுஷனின் சுற்றுப்புறம் எரிவது. 'நல்ல அக்கம்பக்கம் மனசுக்கு மருந்து' என்கிறார்கள். புளியந்தோப்பில் அக்கம்பக்கம்தான் தீ வைத்தது.

இதைச் சொல்லாமல் வடசென்னையின் 'கூட்டு வாழ்க்கை'யைப் புகழ்ந்து எழுதக் கூடாது என்று நினைக்கிறேன். உளமருத்துவத்திலும் இதே சிக்கல் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1960களின் இறுதியில் ஒன்பது நாடுகளில் தொடங்கிய மனச்சிதைவு ஆய்வில், இந்தியா, நைஜீரியா போன்ற நாடுகளின் நோயாளிகள் பணக்கார நாடுகளின் நோயாளிகளைவிட நன்றாகத் தேறினார்கள் என்று முடிவு வந்தது. உடனே கூட்டுக் குடும்பம், கிராமம், சமூகப் பிணைப்பு என்று ஒரு புராணம் கட்டப்பட்டது. சென்னையில் 1981-இலிருந்து தொண்ணூறு நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர் டாக்டர் ஆர். தாரா, அவருடைய முடிவுகளும் இந்தப் புராணத்துக்குத் துணையாக எடுத்தாளப்பட்டன. அதே தாரா 2008-இல் வேறு மூவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் இந்த 'அறுதி உண்மை'யையே கேள்விக்கு உட்படுத்தினார். தாரா பணியாற்றிய ஸ்கார்ஃப் அமைப்பை 1984-இல் தொடங்கிய சாரதா மேனன், கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக நெடுங்காலம் இருந்தவர். குணமானவர் திரும்பிப் போக வெளியே ஓர் இடமும் செய்ய ஒரு வேலையும் வேண்டும் என்பதை மதிலுக்கு உள்ளே இருந்தே கண்டவர். 'சமூகம் பார்த்துக்கொள்ளும்' என்கிற பேச்சு, அரசு தன் கையைக் கழுவிக்கொள்ளவும் உதவும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, புளியந்தோப்பு தனக்கென்று உண்டாக்கிக்கொண்டவற்றைப் பார்க்கலாம்.

முதலில் கானா. சினிமா வழியாக அறிந்தவர்களுக்கு அது குத்துப்பாட்டு. தெருவில் அதன் ஆதி வடிவங்களில் முக்கியமானது மரண கானா. செத்தவர் வீட்டு வாசலில் சாமியானா போட்டு ராத்திரி முழுக்கப் பாடுவார்கள், செத்தவரின் பேரைச் சொல்லி, அவர் ஆடிய ஆட்டங்களைச் சொல்லி, நடுநடுவே சிரிக்கவும் வைத்து. வடசென்னையில் அடங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களுக்கும் கானாவுக்கும் உள்ள உறவை ஆய்வாளர்கள் பேசியிருக்கிறார்கள். துக்கத்தைத் தனியறையில் வைத்துக்கொள்ளாத முறை இது. அழுகிறவருக்குப் பக்கத்தில் விடியும் வரை இருபது பேர் விழித்திருக்கிறார்கள். துக்க ஆலோசனைக்கு மணிக்கணக்கில் கட்டணம் வாங்குகிற காலத்தில் இதைக் 'கூச்சல்' என்று புகார் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். புளியந்தோப்பிலிருந்து வந்த கானா பாலா 2012-இல் 'அட்டகத்தி' வழியாக ஊரெல்லாம் கேட்கப்பட்டார். 2018 ஜனவரியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாக்காரர்களை மேடையேற்றிய முதல் நிகழ்ச்சி நடந்த இடம் கீழ்ப்பாக்கம். அந்த ஊர்ப்பெயருக்கு அன்று ஒரு நாளாவது வேறு அர்த்தம் இருந்தது.

அடுத்தது கேரம். சந்து முனையில் நாலு கால் நட்டு, ஒரு பல்பைத் தாழ்வாகக் கட்டி, பவுடர் தூவிவிட்டால் கிளப் ரெடி. ஆட நாலு பேர், நின்று பார்க்கப் பத்துப் பேர். வேலையில்லாத பையனுக்கு அங்கே நிற்க ஒரு காரணம் கிடைக்கிறது. போலீசுக்கு அவன் 'சந்தேகத்துக்கு இடமாக நின்றவன்' ஆகாமல் இருப்பதும் சின்ன விஷயமல்ல. ஆனால் கானாவும் கேரமும் பெரும்பாலும் ஆண்களுடையவை. வியாசர்பாடி இளவழகி 2008-இல் கேரத்தில் உலகச் சாம்பியன் ஆனது விதிவிலக்கு. பெண்களுக்கு வாய்த்தது வாசப்படி. சாயங்காலம் வாசப்படியில் உட்கார்ந்து தலை வாருவது, பேன் பார்ப்பது, அரிசி புடைப்பது, எதிர்வீட்டுச் சண்டைக்கு நியாயம் சொல்வது. அடி பம்பு வரிசையும் அப்படித்தான்: அது கஷ்டம், அதே சமயம், புருஷன் அடித்ததை இன்னொருத்தியிடம் சொல்ல முடிகிற ஒரே இடமும் அதுதான். எந்த ஆலோசனை மையத்திலும் பதிவாகாத பேச்சு அது.

1996-இல் மில் மூடப்பட்டது. சங்கு நின்றபோது கூலியோடு சேர்ந்து பொழுதும் போனது. எப்போது எழுவது, எப்போது குளிப்பது, யாரோடு நடப்பது என்பதற்கெல்லாம் காரணமாக இருந்த ஒன்று திடீரென்று இல்லை. 2003-இல் டாஸ்மாக் சில்லறை விற்பனைக்கு வந்தபோது அந்த வெற்றுப் பொழுது அதற்காகவே காத்திருந்தது போல இருந்தது. குடியைத் தனிமனித ஒழுக்கக்கேடு என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பொழுது போனபின் நிலம். சென்னைக் குடிசைவாசிகளை இந்த நூற்றாண்டில் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றிக்கொண்டு போனார்கள். புளியந்தோப்பிலிருந்து பெரும்பாக்கம் 25 கிலோமீட்டருக்கு மேல். சுகாதாரமான வீடு என்றார்கள். சாக்கடையோரக் குடிசையோடு ஒப்பிட்டால் சுவரும் கூரையும் மேல்தான், மறுக்கவில்லை. இங்கேயே கேசவப்பிள்ளை பூங்காவில் பழைய வாரியக் குடியிருப்பை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டினார்கள். 2021 ஆகஸ்டில் அந்தப் புதுச் சுவரின் பூச்சு கையால் தொட்டாலே உதிர்ந்தது. சட்டசபை வரை போய், ஐ.ஐ.டி.யைக் கொண்டு ஆய்வு செய்தார்கள். அதே ஆண்டு குடிசை மாற்று வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. 'வாழ்விடம்' நல்ல சொல்தான்.

உதிர்ந்த பூச்சைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். பூச்சு கெட்டியாகவே இருந்திருந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. நீளமான நடையின் இரண்டு பக்கமும் கதவுகள் இருக்கும் மாடியில் வாசப்படி எது? கேரம் போர்டை எந்தத் தளத்தில் போடுவது, அசோசியேஷன் விடுமா? எட்டாவது மாடியில் ஒரு கிழவர் செத்தால் சாமியானாவை எங்கே கட்டுவது, ராத்திரி முழுக்க விழித்திருக்கும் இருபது பேர் எங்கே உட்காருவது? வரைபடம் போடுகிறவர்களிடம் இந்தக் கேள்விகளை எழுத்தில் கொடுக்கச் சங்கம் வேண்டும். 1918-இல் பத்து நிமிஷம் கேட்டவர்களிடம் ஒரு சங்கம் இருந்தது. அதற்குள் யாரெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார முடிந்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.