முட்டையின் உட்கருவும் பரங்கிப்பேட்டையும்

பரங்கிப்பேட்டை வரலாற்று நூல்களில் இரண்டு காரணங்களுக்காக இடம்பெறுகிறது: 1781 ஜூலை 1 அன்று அயர் கூட்டின் படை ஐதர் அலியை முறியடித்த போர், 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் நடத்திய இரும்பு ஆலை. இவற்றோடு சேர்க்க வேண்டியது, வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அமைத்த கடல் உயிரியல் நிலையம். 1929இல் தோன்றிய பல்கலைக்கழகத்துக்குச் சிதம்பரத்திலேயே கட்டடங்கள் இருந்தன. ஆனாலும் விலங்கியல் பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யா ஆய்வைக் கரைக்குக் கொண்டுபோனார்; 1963இல் பல்கலைக்கழக மானியக் குழு அதை உயராய்வு மையமாக ஏற்றது. இது வெறும் வசதிக்கான இடமாற்றம் அல்ல என்பதை, கடல் உயிரிகளின் முட்டையில் கண்ட சில சவ்வுகளின் வரலாறு நன்றாகவே விளக்குகிறது.

முட்டை செல்லின் உட்கருவைச் சுற்றி இரட்டைச் சவ்வு உறை உண்டு; அதில் துளைகள் உண்டு. 1950இல் காலனும் டாம்லினும் நீர்நில வாழ்விகளின் முட்டையில் அவற்றை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் காட்டினர். சில ஆண்டுகளில், அதே துளைகள் கொண்ட சவ்வுகள் உறையைவிட்டு விலகி, அடுக்கடுக்காகக் கிடப்பதும் தெரிந்தது. அப்சீலியஸ் 1955இல் கடல் முள்ளெலியின் முட்டையிலும், ரெபுன் 1956இல் ஸ்பிசூலா என்னும் கடல் மட்டியின் முட்டையிலும் அவற்றைக் கண்டனர். ஸ்விஃப்ட் அவற்றுக்கு ‘ஆனுலேட் லாமெல்லே’ என்று பெயரிட்டார். பெரும்பாலும் இவை உட்கருவுக்கு வெளியேதான் இருக்கும். பாறையிலும் படகின் அடியிலும் ஒட்டி வாழும் அசிடியன்களில் அவை உட்கருவுக்குள்ளேயும் இருப்பதை 1960களில் கெஸ்ஸல் போன்றோர் விவரித்தனர். உறையில் இருக்க வேண்டிய துளைக்கு உட்கருவின் நடுவில் என்ன வேலை?

இவையெல்லாம் ரசாயனத்தில் பதப்படுத்தும்போது உண்டாகும் பொய்த்தோற்றங்களாக இருக்கலாமே என்று கேட்பது நியாயம்தான். கோல்கி உறுப்பே அப்படிப்பட்ட சந்தேகத்துக்கு ஆளாகி, பின்னர் உண்மை என உறுதியானது. ஆனால் பொய்த்தோற்றம் முட்டையின் வயது பார்த்து வராது. நெருங்கிய உறவில்லாத பல உயிரிகளில் இச்சவ்வுகள் முட்டை வளரும் பருவத்தோடு இணைந்தே தோன்றின. 1959இல் மெரியம் மணல் டாலரின் முதிரும் முட்டைகளில் அவற்றின் தோற்றத்தையும் முடிவையும் தொடர்ந்து பார்த்தார். ஆக, இங்கே நுண்ணோக்கியின் திறனுக்கு இணையான சான்று, முட்டை எந்தப் பருவத்தில் எடுக்கப்பட்டது என்ற தகவல். அதை அருங்காட்சியகத்தின் ஃபார்மலின் ஜாடி தராது. முட்டை செத்த சிறிது நேரத்திலேயே மென்சவ்வுகள் சிதையத் தொடங்கும். உயிருள்ள தாயிடமிருந்து எடுத்த உடனே பதப்படுத்த வேண்டும்.

அந்தக் கண்டுபிடிப்புகள் பரங்கிப்பேட்டையில் நிகழவில்லையே என்றால், உண்மைதான். அங்கே வளர்ந்தது அவற்றுக்கு அடித்தளமான அறிவு. வெள்ளாற்று முகத்துவாரம், கிள்ளை உப்பங்கழி, பிச்சாவரம் அலையாத்திக் காடு, வங்கக் கடலின் கரையோர நீர் ஆகிய நான்கு சூழல்களும் அங்கே அருகருகே இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் இறங்கினால் முகத்துவாரத்தின் உப்புத்தன்மை சரிந்துவிடும். மட்டியும் நண்டும் சினைப்படும் காலத்தை இந்த ஏற்ற இறக்கத்தோடு சேர்த்துத்தான் கணிக்க வேண்டும். அந்தக் கணிப்பு அங்கேயே ஆண்டு முழுவதும் இருந்து பார்ப்பவருக்கே கைகூடும். இன்னொரு மறுப்பும் உண்டு: 2016இல் பழ ஈயின் கருவில், இந்த அடுக்குகளில் முன்கூட்டியே தயாரான துளைகள் உட்கரு உறைக்குள் செருகப்படுவதை ஹைடல்பர்க் ஆய்வாளர்கள் காட்டினர், அதற்குக் கடற்கரை தேவைப்படவில்லை. விடை ஆய்வகப் பூச்சியில் கிடைத்தது என்பது சரி. கேள்வியை எழுப்பியவை கடல் முட்டைகள். அதிலும் உட்கருவுக்குள் இருக்கும் அடுக்குகளின் வேலையை ஈயை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. ஆகவே செல்லறிவியலின் வரலாற்றை எழுதுபவர்கள் கருவிகள் வந்த ஆண்டுகளோடு நிறுத்தாமல், சினைப்பருவக் குறிப்பேடுகள் எந்தக் கரையில் எப்போது தொடங்கின என்பதையும் பதிய வேண்டும். அந்தக் கணக்கில் பரங்கிப்பேட்டைக்கு உரிய இடம் உண்டு.