சோதிக்கப்பட வேண்டியது யார்? பெண்கள் விளையாட்டில் நியாயமும் ஐடஹோ சட்டமும்

2020 மார்ச் 30 அன்று அமெரிக்காவின் ஐடஹோ மாநில ஆளுநர் பிராட் லிட்டில் 500ஆம் எண் மசோதாவில் ஒப்பமிட்டார். ‘பெண்கள் விளையாட்டில் நியாயச் சட்டம்’ என்பது அதன் பெயர். தொடக்கப்பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை மாணவியர் அணிகளில் திருநங்கையர் ஆடுவதை மாநிலம் முழுவதும் தடைசெய்த முதல் அமெரிக்கச் சட்டம் அதுவே. ஐடஹோ ஃபால்ஸ் பகுதியின் குடியரசுக் கட்சி உறுப்பினர் பார்பரா எஹார்ட் அதைக் கொண்டுவந்தார். அடுத்த ஐந்தாண்டுகளில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதே வழியில் சட்டம் இயற்றிவிட்டன. அந்தச் சட்டத்தின் மீதான வழக்கில் 2026 ஜனவரி 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வாதங்களைக் கேட்டது. மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் இதே வகைச் சட்டமும் அன்றே விசாரணைக்கு வந்தது.

எஹார்டின் வாதத்தை வெறும் கட்சி அரசியல் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் கல்லூரிக் கூடைப்பந்து வீராங்கனை. பின்னர் கல்லூரி மகளிர் அணிகளுக்குப் பயிற்சி அளித்தவர். கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த 1972ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம், அதாவது ‘ஒன்பதாம் தலைப்பு’, திறந்த வாசல் வழியாக உள்ளே வந்த தலைமுறை அவருடையது. உடல் வலுவில் ஆண்களோடு பெண்கள் நேருக்கு நேர் மோத வேண்டி வந்தால் பெண்கள் தங்கள் விளையாட்டிலேயே பார்வையாளர்களாக ஒதுங்க நேரிடும் என்கிறார் அவர். களத்தில் வியர்வை சிந்திய ஒருவரின் அச்சம் இது. அதற்குரிய மதிப்பை அளித்தே பதில் சொல்ல வேண்டும்.

அந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு. பருவ வயதுக்குப் பிறகு, உயர்மட்ட ஓட்டத்திலும் நீச்சலிலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே ஏறத்தாழ 10 முதல் 12 விழுக்காடு இடைவெளி நிலவுகிறது. தாவுதலிலும் மேலுடல் வலிமையிலும் அது இன்னும் அகலம். டெஸ்டோஸ்டிரோனை மருந்தால் குறைத்தாலும் அந்த வலிமை முழுவதும் கரைந்துவிடுவதில்லை. ஹில்டனும் லுண்ட்பர்கும் 2021இல் வெளியிட்ட மீளாய்வின்படி, ஓராண்டுச் சிகிச்சையில் குறையும் தசை அளவு 5 விழுக்காடு அளவில்தான் இருந்தது. பெண்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்பதிலும், உயர்மட்டப் போட்டிகளில் அதற்கு ஓர் எல்லைக்கோடு வேண்டும் என்பதிலும் எனக்கு ஐயம் இல்லை.

‘இத்தனை சிலருக்காக ஒரு சட்டமா?’ என்று எதிர்த் தரப்பு அடிக்கடி கேட்கிறது. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் தலைவர் சார்லி பேக்கர் 2024 டிசம்பரில் செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். ஏறத்தாழ 5,10,000 வீரர்களில் தமக்குத் தெரிந்த மாற்றுப் பாலினத்தவர் பத்துக்கும் குறைவு என்றார். முக்கியமான தகவல்தான், ஆனால் வழக்கை அது முடித்துவைக்காது. இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர்தான் போக முடியும். ஒன்பதாவதாக வந்தவளின் இழப்பு அவளுக்கு முழு இழப்பு. உரிமையைத் தலை எண்ணி அளக்கக் கூடாது என்ற நெறியை எஹார்ட் தரப்புக்கு நாம் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். அதே நெறி அவரது சட்டத்தையும் கட்டுப்படுத்தும் என்பதுதான் என் வாதத்தின் தொடக்கம்.

அச்சட்டத்தின் மூன்றாம் உட்பிரிவைப் பார்ப்போம். ஒரு மாணவியின் பாலினம் பற்றித் தகராறு எழுந்தால், அவள் மருத்துவரிடம் சான்று பெற்றுவர வேண்டும். மருத்துவர் மூன்றில் ஒன்றையோ பலவற்றையோ மட்டுமே ஆதாரமாகக் கொள்ளலாம்: இனப்பெருக்க உறுப்புகள், உடலில் இயல்பாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் அளவு, மரபணு அமைப்பு. தகராறை எழுப்பத் தகுதி பெற்றவர் யார், எந்த ஆதாரத்தோடு எழுப்ப வேண்டும், பொய்யாக எழுப்பினால் என்ன ஆகும் என்பவை பற்றிச் சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. வழக்கமான உடல்நலச் சான்றே போதும் என்று மாநிலத் தரப்பு நீதிமன்றத்தில் சொன்னது. ஆனால் சட்டத்தின் வாசகம் இந்த மூன்றைத் தவிர வேறெதையும் ஆதாரமாக ஏற்கவில்லை. வழக்குத் தொடுத்த இருவரில் ஒருவர் திருநங்கை. மற்றவர் பிறப்பிலேயே பெண்ணான பள்ளி மாணவி, தன் தோற்றத்தைப் பார்த்து யாராவது தன்னைச் சோதனைக்கு அனுப்பிவிடுவார்களோ என்று அஞ்சியவர். 2020 ஆகஸ்டில் மாவட்ட நீதிபதி டேவிட் நை, டிரம்ப்பால் நியமிக்கப்பட்டவர், இச்சட்டத்துக்கு இடைக்காலத் தடை விதித்தார். மசோதாவின் முகவுரையில் எடுத்தாளப்பட்ட டியூக் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் டோரியான் கோல்மன், பெண்கள் பிரிவைக் காக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதிட்டுவருபவர். அவரே இந்த மசோதாவில் ஒப்பமிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார் என்பது சிந்திக்கத்தக்கது.

1972ஆம் ஆண்டுச் சட்டம் நியாயத்தை எப்படி அளந்தது என்பதோடு இதை ஒப்பிட வேண்டும். அதன் மூல வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. அதை உருவாக்குவதில் முன்னின்றவர்களுள் ஒருவர், ஹவாயின் மாவி தீவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிப் பெண்ணான பாட்ஸி மிங்க். 1964இல் காங்கிரசுக்குத் தேர்வானபோது, வெள்ளையரல்லாத பெண்களில் அந்த அவைக்குள் நுழைந்த முதல்வர் அவரே. 1975 ஜூலையில், உடற்கல்வி வகுப்புகள் உள்ளிட்டவற்றில் அச்சட்டத்தை நடைமுறைப்படுத்த விடாமல் தடுக்கும் திருத்தம் ஒன்று பிரதிநிதிகள் அவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. மகள் கார் விபத்தில் படுகாயமுற்ற செய்தி கேட்டு மிங்க் அவையை விட்டு விரைந்தார். ஒரே ஒரு வாக்கில், 212க்கு 211 என்ற கணக்கில், அவர் தரப்பு தோற்றது. மறுநாள் அவை மீண்டும் வாக்கெடுத்து, 215க்கு 178 என்று அந்த முடிவை மாற்றியது.

மிங்க் காத்த அந்தச் சட்டமும் பெண்களுக்குத் தனி அணிகளை அனுமதித்தது. 1975ஆம் ஆண்டு விதிகளிலேயே அது உண்டு. ஆனால் அதன் சோதனைக்கு உள்ளானது நிறுவனம். மாணவியரின் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் அணிகளில் இருக்கிறதா? இல்லையென்றால் அதைப் படிப்படியாக விரிவுபடுத்திய வரலாறாவது உண்டா? அதுவும் இல்லையென்றால் அவர்களின் ஆர்வத்துக்கும் திறமைக்கும் முழு இடம் கொடுத்திருக்கிறதா? 1979இல் வகுக்கப்பட்ட இந்த மூன்று கேள்விகளும் கல்லூரியை நோக்கியவை. 1991இல் பிரவுன் பல்கலைக்கழகம் மகளிர் ஜிம்னாஸ்டிக்ஸ், கைப்பந்து அணிகளுக்கான நிதியை நிறுத்தியபோது, மாணவியர் நீதிமன்றம் சென்றனர். அலசப்பட்டவை பல்கலைக்கழகத்தின் எண்களும் வரவுசெலவும். 1994இல் வந்த இன்னொரு சட்டம், விளையாட்டுச் செலவுகளைப் பால்வாரியாக ஆண்டுதோறும் வெளியிடுமாறு கல்லூரிகளைப் பணித்தது. 1971-72இல் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் பங்கேற்ற மாணவியர் 2,94,015 பேர். இன்று 30 லட்சத்துக்கும் மேல். ஒரு பெண்ணின் உடலையும் சோதிக்காமல் கிடைத்த வளர்ச்சி இது.

எஹார்டின் சட்டத்தில் சோதனை நிறுவனத்தை விட்டு மாணவியிடம் வந்து சேர்ந்துவிட்டது. அதன் விளைவைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. 2022 மார்ச்சில் யூட்டா ஆளுநர் ஸ்பென்சர் காக்ஸ், குடியரசுக் கட்சிக்காரர், தம் மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய இதே வகை மசோதாவைத் திருப்பி அனுப்பினார். பள்ளி விளையாட்டில் 75,000 பேர். அவர்களில் மாற்றுப் பாலின மாணவர் நால்வர். மாணவியர் அணியில் ஆடுபவர் ஒரே ஒருவர் என்று கடிதம் எழுதினார். சட்டமன்றம் சில நாட்களிலேயே அவரது மறுப்பை மீறிச் சட்டமாக்கியது. அதே ஆண்டு, போட்டியில் வென்ற ஒரு மாணவி மீது, இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றவர்களின் பெற்றோர் ஐயம் கிளப்பினர். மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் அவளது பள்ளிப் பதிவுகளை மழலையர் வகுப்பு வரை பின்னோக்கிப் புரட்டியது. எல்லாவற்றிலும் அவள் பெண்ணாகவே பதிவாகியிருந்தாள். ஒன்பதாவதாக வந்தவளின் இழப்பு முழு இழப்பு என்றால், வென்றதற்காகவே ஐயத்துக்கு உள்ளான இவளுடையது என்ன?

தமிழ் வாசகருக்கு இதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனைக்குப் பின் பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் யாரையும் ஏமாற்றவில்லை. தன் உடலைப் பற்றிய செய்தியை உலகத்தோடு சேர்ந்து அவரும் கேட்க நேர்ந்தது. அந்த அநியாயத்தை இன்றும் நாம் முழுமையாக ஈடுசெய்யவில்லை. 1968 முதல் சர்வதேச ஒலிம்பிக் குழு நடத்திவந்த குரோமோசோம், மரபணுச் சோதனைகளும் இதையே காட்டின. 1996 அட்லாண்டாவில் சோதிக்கப்பட்ட 3,387 பெண்களில் எட்டுப் பேருக்கு மாறான முடிவு வந்தது. எட்டுப் பேருமே பெண்களாக ஆட அனுமதிக்கப்பட்டனர். 1999இல் அந்தச் சோதனை கைவிடப்பட்டது. உலகத் தடகள அமைப்பு 2025 செப்டம்பரில் ஆண் பாலினத்தோடு தொடர்புடைய மரபணுவைத் தேடும் சோதனையை மீண்டும் கொண்டுவந்தபோது, அந்த மரபணுவை 1990இல் கண்டறிந்த ஆண்ட்ரூ சின்கிளேரே அதை எதிர்த்தார். அந்தச் சோதனையிலாவது போட்டியிடும் எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி நடத்தப்படுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வளர்ந்த, தொழில்முறை வீராங்கனைகள். ஐடஹோ சட்டமோ யாரோ ஒருவரின் ஐயத்தை நம்பி, பத்து வயதுச் சிறுமியையும் அதே வரிசையில் நிறுத்துகிறது. பருவ வயதுக்கு முன் ஆண்-பெண் உடல்திறன் வேறுபாடு மிகக் குறைவு என்ற அறிவியலை அது பொருட்படுத்தவே இல்லை.

வாஷிங்டனின் இன்றைய முன்னுரிமைகள் இந்தத் திசை மாற்றத்தை இன்னும் தெளிவாக்குகின்றன. 2025 ஜனவரி 14 அன்று பிரதிநிதிகள் அவை, ஃபுளோரிடா உறுப்பினர் கிரெக் ஸ்டூபி கொண்டுவந்த இதே வகை மசோதாவை 218க்கு 206 என்று நிறைவேற்றியது. பிப்ரவரி 5 அன்று அதே நோக்கில் அதிபர் டிரம்ப்பின் நிர்வாக ஆணை வந்தது. மறுநாளே கல்லூரி விளையாட்டுச் சங்கம் தன் விதியை மாற்றிக்கொண்டது. மார்ச் 3 அன்று செனட்டில் இதே வகை மசோதா முன்னேறத் தேவையான 60 வாக்குகளுக்கு 51தான் கிடைத்தது. இவற்றுக்கு நடுவே, பிப்ரவரி 12 அன்று கல்வித் துறை ஒரு வழிகாட்டுதலைத் திரும்பப் பெற்றது. கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பகிரப்போகும் வருவாயும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டதே என்று சொன்ன வழிகாட்டுதல் அது. ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் அளிக்க, ஜூலையில் அந்தப் பகிர்வு தொடங்கியது. முதல் ஆண்டில் ஒரு கல்லூரி 2.05 கோடி டாலர் வரை பகிரலாம். பெரிய கல்லூரிகளில் அதன் பெரும்பகுதி அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. மார்ச்சில், பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும், கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்தின் 12 வட்டாரக் கிளைகளில் ஏழு மூடப்பட்டன. கூட்டாட்சிக் கணக்காய்வு அலுவலகம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-22இல் 93 விழுக்காடு கல்லூரிகளில் மாணவியரின் விளையாட்டுப் பங்கேற்பு அவர்களின் சேர்க்கை விகிதத்துக்குக் கீழே இருந்தது.

பெண்கள் விளையாட்டுக்கு நேரும் அநியாயத்தில் இதுவே பெரும்பங்கு. வெற்றி மேடையின் ஓர் இடத்துக்காக ஆவேசத்தோடு எழும் சட்டமன்ற உறுப்பினர்கள் இந்தப் பணத்தின் மீது அதே ஆவேசத்தைக் காட்டியதை நான் காணவில்லை. எஹார்டின் நேர்மையை நான் ஐயுறவில்லை. அவர் தேர்ந்துகொண்ட கருவியைத்தான் ஐயுறுகிறேன். உயர்மட்டப் போட்டிகளுக்கான எல்லைக்கோட்டை, விளையாட்டு வாரியாக, வயது வாரியாக, மருத்துவ இரகசியம் காத்து, அந்தந்த விளையாட்டின் அமைப்புகள் வகுக்கலாம். சட்டமன்றம் செய்ய வேண்டியது, கல்லூரிகளின் கணக்கைத் திறக்கவைப்பதும் விசாரணை அலுவலகங்களை மீண்டும் திறப்பதும். ஐடஹோ சட்டத்தின் மூன்றாம் உட்பிரிவை முழுவதுமாக நீக்கினாலும் ஐடஹோவின் மாணவியர் அணிகளில் ஒன்றுகூடக் கலையாது. அந்த உட்பிரிவு நீக்கப்பட வேண்டும்.