உடைத்தது 400, சுமந்தது 120

எடுப்பதற்கு முன்பே விலை பேசப்பட்ட படங்கள் அவை. அண்டார்க்டிகாவை ஒரு கரையிலிருந்து மறுகரைவரை குறுக்காகக் கடக்கப்போவதாக எர்னஸ்ட் ஷாக்கிள்டன் அறிவித்தபோது அவரிடம் போதிய பணம் இல்லை. செல்வந்தர்களின் நன்கொடை, அரசாங்கத்தின் உதவி எல்லாம் சேர்த்தும் கணக்கு உதைத்தது. அவர் கண்ட வழிகளில் ஒன்று, இனிமேல்தான் நடக்கவிருக்கும் பயணத்தின் திரைப்பட உரிமையை விற்றுவிடுவது. அதற்கென்றே லண்டனில் ஒரு முதலீட்டுக் குழு அமைந்தது. போய்விட்டு வந்து கதை சொல்வது பழைய வழக்கம். கதையை விற்றுவிட்டுப் போவது அந்தக் காலத்தின் புதுமை.

அதற்கான சந்தையும் உருவாகியிருந்தது. புகைப்படத்தை நேரடியாகத் தாளில் அச்சிடும் நுட்பம் பரவிய பிறகு, உலகத்தின் மூலைமுடுக்குகளைப் பார்க்கும் பசி வாசகர்களுக்குக் கூடிக்கொண்டே போனது. ‘நேஷனல் ஜியாகிரஃபிக்’ இதழ் 1905 ஜனவரியில் லாசா நகரத்துப் படங்களை மட்டுமே 11 பக்கங்களுக்கு அச்சிட்டுப் பார்த்தது. பக்கத்தை நிரப்பச் செய்த அந்த ஏற்பாடே இதழின் போக்கை மாற்றிவிட்டது. துருவப் பயணம் போகிறவர்களும் இதைக் கவனித்தார்கள். ஸ்காட்டின் கடைசிப் பயணத்தோடு ஹெர்பர்ட் பாண்டிங் போனார். மாசனின் அண்டார்க்டிகப் பயணத்தில் ஃப்ராங்க் ஹர்லி என்ற சிட்னி இளைஞர் போனார். அங்கே அவர் எடுத்த படமே ஷாக்கிள்டனின் கப்பலில் அவருக்கு இடம் வாங்கித் தந்தது.

ஹர்லி 1914 அக்டோபரில் புவெனஸ் ஐரஸ் துறைமுகத்தில் எண்டூரன்ஸ் கப்பலில் ஏறினார். கூடவே பெரிய கேமராக்கள், ஒரு திரைப்படக் கேமரா, சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு சின்ன கோடாக், பெட்டி பெட்டியாகக் கண்ணாடித் தகடுகள். பிலிம் சுருள் வந்துவிட்ட பிறகும் நல்ல புகைப்படக்காரர்கள் கண்ணாடியை விடவில்லை. வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் பூச்சு கண்ணாடியின் மேல் சுருங்காமல், வளையாமல், தட்டையாகப் படிந்திருக்கும். நுணுக்கமான விவரம்கூடத் தப்பாது. ஆனால் கண்ணாடி கனக்கும், உடையும், தண்ணீர் பட்டால் ஜெலட்டின் ஊறிக் கழன்றுவிடும். ஆக, பனிக்கடலுக்கு எடுத்துப்போக அதைவிடப் பொருத்தமில்லாத பொருள் கிடையாது.

கப்பல் 1914 டிசம்பர் 5 அன்று சௌத் ஜார்ஜியா தீவை விட்டுப் புறப்பட்டது. அடுத்த மாதமே வெட்டல் கடலின் பனிப்பாளங்களுக்குள் சிக்கிக்கொண்டது. ஒருநாள் தொலைவில் இருந்த கரையை எட்ட முடியாமல், பனி இழுத்த பக்கமெல்லாம் பத்து மாதம் மிதந்தது. 28 பேருக்கும் காத்திருப்பதே வேலையாகிப்போனது. ஹர்லிக்கு மட்டும் வேலை குறையவில்லை. பாய்மரக் கொம்பில் தொங்கியபடி படம் எடுப்பார், பனிமேட்டில் முக்காலியை நட்டுவைத்து எடுப்பார். எடுத்ததைக் கழுவுவது அதைவிடப் பெரிய பாடு. பனியை உருக்கித்தான் தண்ணீர். இருட்டறையில் ஸ்டவ் எரிய வேண்டும். கொஞ்சம் அசந்தால் தொட்டி உறைந்து, தகடுகள் பனிக்கட்டிக்குள் அகப்பட்டுவிடும். ரசாயனத்திலும் குளிரிலும் மாறி மாறி நனைந்து விரல் நுனிகள் நகத்தை ஒட்டி வெடித்தன.

1915 ஆகஸ்ட் 27 இரவு. துருவத்தின் குளிர்கால இருட்டு. கப்பல் முழுவதும் தெரிய வேண்டும் என்று ஹர்லி ஆசைப்பட்டார். சுற்றியிருந்த பனிக்குவியல்களுக்குப் பின்னால் ஏறக்குறைய இருபது இடங்களில் ஃபிளாஷ் மருந்தை வைத்து வெடிக்கச் செய்தார். வெளிச்சத்தில் கண் கூசி, வழி தெரியாமல் பனியில் தடுமாறி விழுந்தார். உறைபனி படிந்த கயிறுகளோடு வெள்ளை வெளேரென்று, பின்னால் கும்மிருட்டோடு நிற்கும் அந்தக் கப்பல்தான் துருவப் பயணம் என்றதும் இன்றும் பலர் மனத்தில் எழும் படம். எதிரே நின்ற கப்பலை அவர் சும்மா பதிவு செய்யவில்லை. பார்க்கப்போகிறவர்களுக்காக அதற்கு ஒரு மேடை கட்டினார்.

அக்டோபர் 27 அன்று பனியின் நெருக்குதலில் கப்பலின் விலா முறிந்தது. எல்லாரும் பனிப்பாளத்தில் இறங்கினார்கள். ஆளுக்கு இரண்டு பவுண்டு, அதாவது ஒரு கிலோவுக்கும் குறைவான சொந்தப் பொருள் மட்டுமே என்று ஷாக்கிள்டன் உத்தரவிட்டார். முன்மாதிரியாகத் தன் தங்க நாணயங்களைப் பனியில் வீசினார். அரசியார் தந்த பைபிளிலிருந்து சில பக்கங்களைக் கிழித்து வைத்துக்கொண்டு மீதியைக் கீழே வைத்தார். பாட்டுக்காக, குழுவில் ஒருவரான ஹஸ்ஸியின் பான்ஜோவுக்கு விதிவிலக்கு கிடைத்தது. கண்ணாடித் தகடுகளோ பாதி மூழ்கிய கப்பலுக்குள்ளேயே கிடந்தன.

நவம்பர் 2 அன்று ஹர்லி திரும்பப் போனார். பலகைச் சுவரைக் கோடரியால் பிளந்தார். இடுப்புக்கு மேல் உடையைக் கழற்றிவிட்டு, நாலடி ஆழத்துக்குக் கூழாய்க் கிடந்த பனிநீருக்குள் துழாவிப் பெட்டிகளை வெளியே இழுத்தார். துத்தநாகம் வேய்ந்து ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்த பெட்டிகள் அவை. பற்றவைப்பு விடவில்லை. தகடுகள் நனையவில்லை.

மீட்டதையெல்லாம் சுமக்க முடியாது. நவம்பர் 9 அன்று ஷாக்கிள்டனும் ஹர்லியும் பனிப்பாளத்தின் மேல் உட்கார்ந்து தகடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்கள். வேண்டும் என்றால் ஒரு பக்கம், வேண்டாம் என்றால் உடனே உடைத்துவிடுவது. பிறகு மனம் மாறி எடுத்துக்கொள்ள வழி இருக்கக் கூடாது என்பதற்காகவே உடைத்தார்கள். சுமார் 400 தகடுகள் நொறுங்கின. 120 மட்டும் மீண்டும் பெட்டிக்குள் போய்ப் பற்றவைக்கப்பட்டன. திரைப்படச் சுருள்களும், ஓர் ஆல்பமும், சில வண்ணத் தகடுகளும் தப்பின. பெரிய கேமராக்கள் அங்கேயே விடப்பட்டன. ஹர்லியின் கையில் மிஞ்சியது சின்ன கோடாக்கும் மூன்று சுருள் பிலிமும்.

இந்தக் கதையின் நடுப்புள்ளி அந்த ஒரு நாள்தான். ஷாக்கிள்டன் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். கண்டத்தைக் கடக்கும் திட்டம் தோற்றுவிட்டது, கப்பலில் வந்த ஒருவர்கூட அதன் கரையில் கால் வைக்கவில்லை. இனி இந்தப் பயணத்தில் விற்க எதுவும் மிச்சமிருந்தால் அது இந்தத் தகடுகளில்தான் இருக்கிறது. உணவுக்கும் துணிக்கும் எடை பார்த்தவர் கண்ணாடிக்கு இடம் கொடுத்ததன் காரணம் அதுவே. லண்டனில் அரங்கு நிறைய உட்காரப்போகிறவர்களை மனத்தில் வைத்துத்தான் எது நல்ல படம் என்று இருவரும் முடிவு செய்திருக்க வேண்டும். பத்திரிகை ஆசிரியர் தன் மேசையில் செய்வதையும், அருங்காட்சியகக் காப்பாளர் தன் கிடங்கில் செய்வதையும் அவர்கள் பூஜ்யத்துக்குக் கீழான குளிரில், மிதக்கும் பனியின் மேல் செய்தார்கள். அன்று உடைபட்ட 400-இல் என்ன இருந்தது என்று இனி யாரும் பார்க்க முடியாது. நாம் அறிந்த எண்டூரன்ஸ், அந்த 120 காட்டுகிற எண்டூரன்ஸ்.

கப்பல் நவம்பர் 21 அன்று மூழ்கியது. பெட்டிகள் பனிப்பாளத்தில் இன்னும் நாலரை மாதம் கிடந்தன. 1916 ஏப்ரல் 9 அன்று பனி பிளந்து, மூன்று படகுகளும் கடலில் இறங்கியபோது அவையும் படகேறின. அலை மோதி, உப்புநீர் உறைந்து படகோரங்களில் பனி கட்டிய அந்தப் பயணம் ஏப்ரல் 15 அன்று எலிஃபண்ட் தீவில் முடிந்தது. 497 நாள் கழித்து அவர்கள் மிதித்த முதல் தரை அது. அங்கிருந்து ஷாக்கிள்டன் ஐந்து பேருடன் ஜேம்ஸ் கெய்ர்ட் படகில் சௌத் ஜார்ஜியாவை நோக்கிப் போனார். மற்ற 22 பேர் இரண்டு படகுகளைக் கவிழ்த்துப் போட்டு அதனடியில் நாலு மாதத்துக்கும் மேல் வாழ்ந்தார்கள். ஆகஸ்ட் 30 அன்று லூயிஸ் பார்டோ ஓட்டிவந்த சிலி நாட்டின் யெல்ச்சோ கப்பல், பனிக்கடலைத் தாண்டி அவர்களை எடுத்துக்கொண்டது. ஆட்களோடு ஹர்லியின் பெட்டிகளும் ஏறின.

புந்தா அரீனாஸ் ஊரில் இறங்கியதும் ஹர்லி தேடியது இருட்டறையை. சிதைந்த கப்பலில் எடுத்து, கழுவாமலே ஓராண்டுக் காலம் கிடந்த தகடுகள் பழுதில்லாமல் வந்தன. கோடாக் சுருள்கள் கொஞ்சம் மங்கினாலும் அச்சுக்குத் தேறின. அந்த ஆண்டு நவம்பரில் அவர் லண்டன் சேர்ந்தார்.

லண்டனுக்கு வேறொரு குறை இருந்தது. திரைப்படத்தில் விலங்குகள் போதாது என்றார்கள் உரிமை வைத்திருந்தவர்கள். பெங்குவின் இல்லாத துருவப் படத்தை யார் பார்ப்பார்கள்? 1917-ல் ஹர்லி மறுபடி சௌத் ஜார்ஜியாவுக்குப் போய்ப் பெங்குவின்களையும் கடல்யானைகளையும் எடுத்துவந்தார். 1919-ல் வெளிவந்த ‘சௌத்’ திரைப்படத்தில் இரண்டும் ஒரே பயணம்போல இணைந்தன. அந்த டிசம்பர் முதல் லண்டன் ஃபில்ஹார்மோனிக் அரங்கில் மௌனப்படம் ஓட ஓட ஷாக்கிள்டன் மேடையில் நின்று கதை சொன்னார். நாளுக்கு இரண்டு காட்சி, மாதக்கணக்கில். தன் கப்பல் நொறுங்குவதை ஒவ்வொரு நாளும் இருமுறை பார்த்தார். கடன்கள் இருந்தன. 1922-ல் அவர் இறந்தபோதும் அவை தீரவில்லை.

கோடாக் சுருளில் எடுத்த நெகட்டிவ்களில் ஒன்றில் ஒரு தழும்பு உண்டு. ஏப்ரல் 24 அன்று ஜேம்ஸ் கெய்ர்ட் புறப்பட்டபோது, கரையில் நின்றவர்கள் கையசைத்து வழியனுப்பும் காட்சியை ஹர்லி எடுத்திருந்தார். மீட்கப்பட்ட நாளுக்கு அப்படி ஒரு நல்ல படம் அமையவில்லை. வழியனுப்பும் படமே ‘மீட்பு’ என்ற தலைப்போடு உலகத்தின் முன் வந்தது. வழியனுப்புதல், வரவேற்பாயிற்று. அதற்காக நெகட்டிவில் இருந்த ஜேம்ஸ் கெய்ர்ட் சுரண்டப்பட்டது. பிறகு முதல் உலகப்போரிலும் பல நெகட்டிவ்களை ஒட்டிப் போர்க்களப் படம் செய்து, ஆஸ்திரேலியப் படையின் அதிகாரபூர்வ வரலாற்றாளர் சார்லஸ் பீனோடு சண்டை போட்டவர் ஹர்லி. உயிரைப் பணயம் வைத்து எடுத்த மனிதரும் அவர்தான், எடுத்ததை மாற்றியவரும் அவர்தான். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் அவர் வீரர் அல்லது பித்தலாட்டக்காரர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் புவியியல் இதழும் ஆவணப்படமும் நம்மை ஏன் இப்படி இழுக்கின்றன என்பது புரியும். அங்கே போனவர் கண்ட உண்மையும் நமக்கு வேண்டும், அது கதையாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் கேட்பவர்கள் நாம்.

தகடுகள் பிறகு பல ஊர்களில் குடியேறின. நெகட்டிவ்கள் லண்டன் ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டியிலும், வண்ணத் தகடுகள் சிட்னியின் நியூ சௌத் வேல்ஸ் மாநில நூலகத்திலும் சேர்ந்தன. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் ‘சௌத்’ படத்தைச் சீரமைத்தது. 1999-ல் நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இந்தப் படங்களோடு ஜேம்ஸ் கெய்ர்ட் படகையே கொண்டுவந்து நிறுத்தியபோது, மறக்கப்பட்டிருந்த ஷாக்கிள்டன் மீண்டும் புகழ்பெற்றார். 2015-ல் ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டி நெகட்டிவ்களை நுண்ணிய தரத்தில் ஸ்கேன் செய்து கண்காட்சி வைத்தது. அச்சில் கருப்பாக மட்டுமே தெரிந்த மூலைகளில் முகங்களும் பொருள்களும் துலங்கின. கண்ணாடி அவ்வளவையும் நூறாண்டு வைத்திருந்தது. பிலிம், சுரண்டிய தழும்பையும் சேர்த்தே வைத்திருந்தது. நல்ல காப்பகம் தழும்பைத் துடைப்பதில்லை.

2022 மார்ச்சில் வெட்டல் கடலில் 3,008 மீட்டர் ஆழத்தில் கப்பல் கண்டுபிடிக்கப்பட்டது. மரத்தைத் துளைக்கும் புழுக்கள் அந்தக் கடலில் இல்லாததால், பின்புறத்தில் பொறித்த பெயர்கூட அழியவில்லை. அண்டார்க்டிக ஒப்பந்தம் அதைக் காக்கிறது. படம் மட்டும் எடுத்தார்கள், ஓர் ஆணியைக்கூட மேலே கொண்டுவரவில்லை. 2024-ல் வந்த ‘எண்டூரன்ஸ்’ ஆவணப்படம், ஹர்லியின் பழைய காட்சிகளுக்கு வண்ணம் ஏற்றி, இந்தப் புதிய காட்சிகளோடு கோத்தது.

ஷாக்கிள்டன் விட்ட வேலையை முடித்தவர் விவியன் ஃபூக்ஸ். 1957 நவம்பரில் தொடங்கி 1958 மார்ச்சில், 99 நாளில், அண்டார்க்டிகாவைக் குறுக்காகக் கடந்தார். எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹில்லரி மறுபக்கத்திலிருந்து வழி அமைத்துக் கொடுத்தார். முழு வெற்றி. ஆனாலும் கண்காட்சி, நூல், ஆவணப்படம் என்று உலகம் திரும்பத் திரும்பப் போவது கரையைக்கூடத் தொடாத பயணத்திடம்தான். ஆய்வுப் பயணங்களின் வரலாறு முதலில் போனவர்களின் பட்டியல் என்று பள்ளியில் படிக்கிறோம். மக்கள் நினைவில் நிற்கும் பட்டியல் வேறு. உயிர் பிழைப்பதே உறுதியில்லாத நேரத்திலும், ஊரில் இருப்பவர்கள் பார்க்க வேண்டும் என்று சிலவற்றைச் சுமந்து வந்தவர்களின் பட்டியல் அது.