இலையடியில் இருந்த அறிவு: எட்வேர்ட் ஏர்னஸ்ட் கிறீனும் புத்தூர்த் தோட்டமும்

இலங்கையின் பூச்சியியல் வரலாற்றில் எட்வேர்ட் ஏர்னஸ்ட் கிறீனுக்கு உரிய இடம் பெரிது. 1861இல் கொழும்பில் பிறந்து, இங்கிலாந்தில் பள்ளிப்படிப்பை முடித்து, 1880 அளவில் இலங்கைக்குத் திரும்பி மலைநாட்டில் தோட்டத்துரையாக வாழ்ந்தவர் அவர். 1899இல் அரசாங்கப் பூச்சியியலாளராகப் பேராதனையில் அமர்ந்தார். தோட்டத்தைக் கைவிட்டு அறிவியலுக்குப் போனவர் என்றே அவரைப் பற்றிய குறிப்புகளை வாசிப்போர் எண்ணிக்கொள்வர். அந்த எண்ணம் பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். கிறீனின் அறிவியல் தோட்டத்திலேயே உருவானது; பயிரோடு பருவம் பருவமாகக் கூடவிருந்து பார்க்கும் பழக்கமே அவரது ஆய்வுமுறை. அவ்வாறாயின், அதே பழக்கத்தில் ஊறிய யாழ்ப்பாணத்துப் புத்தூர்த் தோட்டக்காரரின் அறிவை நாம் எந்த வரிசையில் வைப்பது என்ற கேள்வியும் உடன் எழுகிறது.

அவர் தேர்ந்துகொண்ட உயிரினமே முதற்சான்று. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் தலைகாட்டிய துரு நோயால் காப்பி சரிந்துகொண்டிருந்த காலத்தில், பச்சைச் செதில் பூச்சியும் சேர்ந்து காப்பியை வாட்டியது. இலையைத் திருப்பிப் பார்த்தால் நடுநரம்பை ஒட்டி வெளிர்பச்சையாய், தட்டையாய், இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளத்தில் அப்பிக்கிடக்கும். மெல்லிய தோலினூடே கருமையான வளைகோடு ஒன்று தெரியும். அது கழிக்கும் இனிப்பு நீரைத் தேடி எறும்பு வரும். அந்நீர் படிந்த இலையில் கரிப்பூஞ்சணம் படரும். ஆண் இல்லாமலே பெருகும் பூச்சி இது. வண்ணத்துப்பூச்சியைப் போல ஊசியில் குத்திப் பெட்டியில் வைத்தால் சுருங்கி உருத்தெரியாமல் போய்விடும். எந்த மரத்தில், இலையின் எந்தப் புறத்தில், எந்த எறும்போடு இருந்தது என்பதை அறியாமல் இதன் வாழ்வைச் சொல்ல முடியாது. இத்தகைய உயிரை ஆராயச் செத்த மாதிரிகள் மட்டும் போதா. செடியருகே வசிப்பவர் வேண்டும். 1889இல் கிறீன் இதற்கு அறிவியற்பெயர் இட்டபோது அவர் அரச ஊழியரல்லர், தோட்டத்துரை. பிற்காலத்தில் பேரினப்பெயர் மாறி அது ‘கொக்கஸ் விரிடிஸ்’ ஆயிற்று. இலங்கைச் செதில் பூச்சிகள் பற்றிய அவரது பெருநூல் 1896 முதல் 1922 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. இருபத்தாறு ஆண்டுப் பொறுமை அது.

இலண்டன் தொடர்பும் ஆங்கிலக் கல்வியும்தான் அவரை அறிஞராக்கின, தோட்டமன்று என்று ஒருவர் மறுக்கலாம். அத்தொடர்பு இல்லாவிட்டால் நூல் அச்சேறியிராது என்பது உண்மை. ஆனால் அதைவிட நெருங்கிய தொடர்பு இலண்டனிலேயே வாழ்ந்தவர்களுக்கு இருந்தது. காப்பி இலையின் அடிப்புறம் அவர்களுக்கு எட்டவில்லை. கிறீனுக்கு முன்பே காப்பியின் பகைகளைப் பற்றி எழுதிய ஜோன் நீட்னரும் இலங்கைத் தோட்டமொன்றில் வாழ்ந்தவரே. எனவே இது ஒரு தனிமனிதரின் மேதைமை பற்றிய கதையன்று.

இரண்டாவது மறுப்பு வலுவானது. துரை உழவரல்லர். களை பிடுங்கியதும் காப்பி பறித்ததும் தமிழகத்திலிருந்து மலையேறிய தொழிலாளரின் கைகள். அவ்விலைகளை அன்றாடம் தொட்ட கைகள் அவை. பூச்சியின் பெயருக்குப் பின்னே நிற்பதோ கிறீனின் பெயர் மட்டும். இந்த மறுப்பை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அது என் வாதத்தை உறுதிப்படுத்தவே செய்கிறது: அறிவு தோட்டத்தில் பிறந்தது, எழுத்து வாய்த்தவர் பெயரில் பதிவானது. மலைநாட்டுத் தொழிலாளரைப் போலவே, புத்தூரின் செம்மண் தோட்டங்களில் கிணற்றிலிருந்து துலாவால் இறைத்துப் புகையிலை செய்தவர், பக்கக் குருத்து முறிக்கவும் புழுப் பொறுக்கவும் ஒவ்வொரு கன்றையும் பலமுறை தொட்டவர். இலையில் ஒரு துளை விழுந்தாலும் விலை குறையும் பயிர் அது. ஆகவே அவர் கண் இலையை விட்டு அகலாது. யாழ்ப்பாணப் புகையிலை பெரிதும் திருவிதாங்கூர்ச் சந்தைக்குப் போனது. பேரரசின் ஆதாயம் காப்பியிலும் தேயிலையிலும் இருந்தது. பூச்சியியலும் அந்தப் பக்கமே சாய்ந்தது. ஒருவர் கண்டது அறிவியலாகவும் மற்றவர் கண்டது வெறும் அனுபவமாகவும் பிரிந்ததற்கு, பார்வையின் தரத்தைவிட இந்த வணிகமே பெரிய காரணம். ஒப்பிட்டு, அளந்து, வரைந்து, பிறர் சரிபார்க்கும்படி வைப்பது அறிவியலுக்கு இன்றியமையாதது என்பதை நான் மறுக்கவில்லை. அந்த வாய்ப்பு ஒரு பயிருக்குக் கிடைத்து இன்னொன்றுக்குக் கிடைக்காமற்போனதையே சுட்டுகிறேன்.

இது பழங்கதையன்று. 2008இல் இலங்கையில் கண்டறியப்பட்ட பப்பாசி மாவுப்பூச்சி, கிறீன் ஆராய்ந்த செதில் பூச்சிகளுக்கு உறவினம். மறு ஆண்டே அதைக் கட்டுப்படுத்த ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டது. இவ்வாறு புதிதாய் வரும் பூச்சியை முதலில் காண்பவர் ஆய்வுகூடத்தில் இருப்பவரல்லர், கிணற்றடிப் பப்பாசி மரத்தில் வெள்ளை படர்வதைப் பார்ப்பவரே. பச்சைச் செதில் பூச்சி இன்றும் தேசியிலும் கொய்யாவிலும் அப்பும் பூச்சிதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தினர், புத்தூர் போன்ற ஊர்களின் தோட்டக்காரர் எந்த மாதம், எந்தப் பயிரில், எந்தப் பூச்சியைக் கண்டனர் என்பதை, அவர்கள் சொல்லும் ஊர்ப்பெயர்களோடும், அவர்கள் இசைந்தால் கண்டவரின் பெயரோடும் பதிவுசெய்ய முன்வர வேண்டும்.