காவிரிப் படுகையில் தோல் பராமரிப்பு வரலாறு

காவிரிப் படுகையில் தோல் பராமரிப்பு என்பது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை உள்ளடக்கிய நெல் விளையும் சமவெளியில் வழங்கிவந்த எண்ணெய்க் குளியல், மஞ்சள் பூச்சு, பயற்றமாவுக் குளியல் முதலிய பழக்கங்களைக் குறிக்கும். தோலில் விழும் சுருக்கத்திற்குத் தமிழில் 'திரை' என்று பெயர். நரை, திரை, மூப்பு ஆகிய மூன்றையும் தள்ளிப்போடுவது சித்த மருத்துவத்தின் நோக்கங்களுள் ஒன்று. அதற்கான மருந்துகளும் முறைகளும் காயகற்பம் எனப்பட்டன.

இலக்கியச் சான்றுகள்

காவிரி கடலில் கலக்கும் புகார் நகரைக் களமாகக் கொண்ட சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவியின் ஒப்பனை விரிவாகக் கூறப்படுகிறது. பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஆகியவை ஊறிய நீரில் அவள் கூந்தலைக் கழுவினாள் என்பது அதில் வரும் செய்தி. மூலிகை ஊறிய நீரில் குளிக்கும் வழக்கம் அக்காலத்திலேயே தனிக் கலையாக வளர்ந்திருந்ததை இது காட்டுகிறது.

எண்ணெய்க் குளியல்

தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதி, நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிக்கச் சொல்கிறது. நோய் வந்தபின் செய்யும் சிகிச்சையாக அல்லாமல், உடல் நலமாக இருக்கும்போதே கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்காக அது கூறப்படுகிறது. நடைமுறையில் பெண்கள் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளிலும் ஆண்கள் புதன், சனிக் கிழமைகளிலும் எண்ணெய் தேய்த்துக் குளித்தனர். நாள் குறிக்கப்பட்டிருந்ததால் பழக்கம் விட்டுப்போகாமல் இருந்தது.

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிறுவனத்தை நடத்தினார். அங்கு திரட்டப்பட்ட மருத்துவக் குறிப்புகள் பிற்காலத்தில் 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்ற வரிசையில் சரசுவதி மகால் நூலகத்தால் நோய்வாரியாக அச்சிடப்பட்டன.

நலங்கு மாவு

பச்சைப்பயறு, சந்தனம், கோரைக்கிழங்கு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், கிச்சிலிக்கிழங்கு, கார்போகரிசி ஆகியவற்றை அரைத்துச் செய்வது நலங்கு மாவு. முகத்திற்குக் கஸ்தூரி மஞ்சளும் பயன்பட்டது. இவற்றில் சில வயலிலேயே கிடைத்தவை. சம்பா அறுவடைக்குப் பின் தரிசில் பயறும் எள்ளும் விதைப்பது டெல்டா வழக்கம். கோரை, உழவர் பிடுங்கி எறியும் களை. இவ்வாறு நல்லெண்ணெயும் குளியல் மாவும் நெல் சாகுபடியின் சுழற்சியோடு சேர்ந்தே வந்தன.

பயற்றமாவு எண்ணெய்ப் பிசுக்கை மென்மையாக நீக்குகிறது. நல்லெண்ணெய் தோலின் ஈரம் வெளியேறுவதைக் குறைக்கிறது. கார்போகரிசியில் உள்ள சோராலன் என்ற வேதிப்பொருளோ வெயில் பட்டால் தோல் கன்றிப்போகக் காரணமாகலாம். எனவே அது சேர்ந்த மாவை வெயிலில் செல்வோர் கவனத்துடன் பயன்படுத்த வேண்டும்.

சமூக எல்லைகள்

பெண்ணுக்கு இப்பராமரிப்பு பூப்படைந்ததும் நடக்கும் மஞ்சள் நீராட்டு விழாவிலிருந்து தனிக் கவனம் பெற்றது. திருமண நலங்கு அதைத் தொடர்ந்தது. நாள்தோறும் மஞ்சள் பூசுவது கணவன் உயிரோடிருப்பதன் அடையாளமாகக் கருதப்பட்டது. இதனால் கணவனை இழந்தவளுக்கு, அவள் இருபது வயதுப் பெண்ணாக இருந்தாலும், பூவும் பொட்டும் போல மஞ்சளும் மறுக்கப்பட்டது. அழகுப் பொருள் என்பதைவிட மஞ்சள் ஒரு தகுதிச் சின்னமாக இருந்ததே இதற்குக் காரணம். நில உடைமையாளர் வீட்டில் எண்ணெயும் ஓய்வும் எளிதாகக் கிடைத்தன; கூலிக்கு நாற்று நட்ட பெண்ணுக்கு இரண்டும் அரிது.

வயலும் வெயிலும்

தோல் சுருக்கத்திற்கும் கரும்புள்ளிகளுக்கும் வயதுக்கு அடுத்த பெரிய காரணம் சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள். அவை தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புரதத்தைச் சிதைக்கின்றன. சேதம் இளமையிலேயே தொடங்கினாலும் கண்ணுக்குத் தெரியப் பல ஆண்டுகள் ஆகும். பழைய முறைகள் தூய்மைக்கும் ஈரத்திற்கும் பயன்பட்டன. வெயிலைத் தடுக்க அவை போதுமானவை அல்ல.

அக்குறையை நடைமுறையில் ஈடுசெய்தவர்கள் வயலில் உழைக்கும் பெண்கள். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை அணிந்து, தலையில் துண்டு கட்டி நடவு செய்யும் வழக்கம் இன்றும் டெல்டாவில் காணப்படுகிறது. எந்த நூலிலும் அழகுக் குறிப்பாக எழுதப்படாத இவ்வழக்கம், திரையைத் தாமதப்படுத்தும் வழிகளில் மஞ்சளைவிடப் பயனுள்ளது.

ஆஸ்திரேலியாவின் நம்பூர் நகரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2013-இல் வெளியானது. நான்கரை ஆண்டுகள் நாள்தோறும் வெயில்காப்புக் களிம்பு பூசியவர்களின் தோலில், விருப்பப்படி பூசியவர்களைவிட முதுமைத் தடயங்கள் 24 விழுக்காடு குறைவாக இருந்தன.

தொழிற்சாலைப் பொருட்கள்

பெங்களூரில் மைசூர் அரசின் சோப்புத் தொழிற்சாலை 1916-இல் தொடங்கியது. சோப்பு பரவியதும் பயற்றமாவு தீபாவளிக்கும் திருமணத்திற்கும் உரியதாகச் சுருங்கியது. 1975-இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு, தோல் நலம் என்பதை நிறம் வெளுப்பதாக மாற்றிக் காட்டியது. எதிர்ப்புகளுக்குப் பின் 2020-இல் அதன் பெயர் 'குளோ அண்ட் லவ்லி' என மாற்றப்பட்டது. கருமை நிறத்தைத் தரும் மெலனின் புற ஊதாக் கதிர்களை ஓரளவு தடுக்கும் இயற்கைக் காப்பு ஆகும். அதை நீக்க முயல்வது முதுமையைத் தள்ளிப்போடும் வழியல்ல.

இன்றைய நிலை

இருபதுகளில் தொடங்க வேண்டியவை என இன்றைய தோல் மருத்துவம் கூறுவன சில: மென்மையாகக் கழுவுதல், ஈரம் காத்தல், வெயிலை மறைத்தல், புகையிலையைத் தவிர்த்தல். முதல் இரண்டும் டெல்டாவின் பழைய வழக்கத்தில் உள்ளவை. மூன்றாவது அதன் வயல்வெளியில் உள்ளது. பயற்றமாவும் நல்லெண்ணெயும் முழுக்கைச் சட்டையும் அதிகச் செலவின்றிக் கிடைப்பவை. பூச்சும் சட்டையும் முன்பு வெவ்வேறு பெண்களுக்கு உரியவையாக இருந்தன. இன்று இரண்டையும் ஒருவரே கைக்கொள்ளத் தடையில்லை.